கரிசல் மண்ணும் கடல் கடந்த உதவியும்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கோவில்பட்டியைக் கடந்து கயத்தாற்றை அடைவதற்கு முன், இடைசெவல் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. தமிழ்ச் சிறுகதை இலக்கியத்தில் பழகியோர்க்கு இவ்வூர் புதிதன்று. கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்னும் எழுத்தாளர் இருவரும் இவ்வூரிலே பிறந்து, இளமைதொட்டு நண்பர்களாய் வளர்ந்தவர்கள். ஒரு சிற்றூர் ஒரே தலைமுறையில் இத்தகையோர் இருவரை ஈன்றமை வியப்பிற்குரியதே. ஆயினும், இப்பாடத்தில் நாம் காணப்போவது அவர்தம் கதைகளை அன்று. அவர்கள் நடந்து திரிந்த மண்ணையும், அம்மண்ணை உழுவோர்க்கு உதவ வேண்டும் என்று கடல் கடந்து வந்த சில முயற்சிகளையுமே.

'செவல்' என்பது செந்நிலத்தைக் குறிக்கும் வழக்குச் சொல். கரிய நிலங்கட்கு இடையே செந்நிலம் அமைந்த இடம் என்னும் பொருளில் 'இடைசெவல்' என்னும் பெயர் எழுந்திருத்தல் கூடும். இஃது என் கருத்தே. ஊரார் வேறு காரணம் கூறுவராயின் அதனையும் கேட்டுக்கொள்ளுதல் நன்று. பெயரில் செம்மை இருப்பினும் இவ்வூரைச் சூழக் கண்ணுக்கெட்டிய தொலைவு பரந்து கிடப்பது கரிசலே. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்டு விரிந்த இந்நிலத்தில் ஆறு பாய்ந்து வளஞ்செய்யும் வயல்கள் அரியன. மக்கள் இதனை 'வானம் பார்த்த பூமி' என்பர். அத்தொடரில் மிகை ஒன்றும் இல்லை. உழவன் இங்கே நிலத்தைப் பார்க்கும் நேரத்தினும் வானத்தைப் பார்க்கும் நேரமே மிகுதி.

கரிசலின் இயல்பைச் சற்றே விரிவாக அறிதல் வேண்டும். அதனை அறியாது இப்பாடத்தின் எஞ்சிய பகுதியை அறிதல் இயலாது. இம்மண்ணில் மிக நுண்ணிய களித்துகள்கள் நிறைந்துள்ளன. அக்களியின் ஒருவகைக்கு அறிவியலார் 'மாண்ட்மோரில்லோனைட்' என்று பெயரிட்டுள்ளனர். பிரான்சு நாட்டில் மாண்ட்மோரில்லோன் என்னும் ஊரில் முதற்கண் அறியப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. எங்கோ ஒரு பிரெஞ்சு ஊரின் பெயர் நம் கரிசலின் உட்பொருளுக்கு அமைந்திருப்பது வேடிக்கையே! இக்களி நீரை உண்டால் பருக்கும். நீர் வற்றினால் சுருங்கும். ஆதலின் கோடையில் கரிசற்காடு பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பினுள் ஒருவன் தன் கையை முழங்கை வரை விடலாம். வெடிப்பின் விளிம்பிலுள்ள மேன்மண் உதிர்ந்து உள்ளே விழும். மழை வந்ததும் வெடிப்பு மூடிக்கொள்ளும். இவ்வாறு ஆண்டுதோறும் மேலது கீழாகவும் கீழது மேலாகவும் மண் புரளும். 'தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண்' என்று இதனைக் கூறுதல் தகும்.

இத்தகைய மண் ஒருபால் பெருங்கொடை, மற்றொருபால் பெருந்தொல்லை. நல்ல மழை ஒன்று பெய்து மண் நிறைய நீரை உண்டுவிடுமாயின், மழை நின்ற பின்னரும் பல கிழமைகள் அது பயிருக்கு ஈரம் அளித்துக்கொண்டிருக்கும். கிணறோ வாய்க்காலோ இல்லாத காட்டில் தை மாதத்துப் பனியில் பருத்தி பூத்துக் காய்ப்பது இதனாலேயே. ஆயின், மழை பெய்து மண் குழைந்துவிட்டாலோ அதனுள் காலெடுத்து வைத்தல் அரிது. காலில் ஒட்டிய களி, நடக்க நடக்கப் பருத்து, இரண்டு செங்கற்களைக் கட்டிக்கொண்டு நடப்பது போலாகும். காளை இறங்காது, கலப்பை நகராது. மண் சற்று உலர்ந்து ஏர் இறங்கும் பதம் வரும் வரையில் உழவன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருத்தலே செய்யக்கூடியது.

இனி மழையை நோக்குவோம். கோவில்பட்டி வட்டாரத்தில் ஓராண்டில் பெய்யும் மழை சராசரியாக ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். இதில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு ஐப்பசி, கார்த்திகை ஆகிய மாதங்களை ஒட்டி வடகிழக்குப் பருவக் காற்றினால் வருவது. மார்கழியில் மழை குன்றும், தையில் அற்றுப்போகும். எனவே, பருவமழை தொடங்கி, மண் நனைந்து, பின் பதம் வரும் வரை காத்திருந்து விதைப்பவன், பெய்த மழையில் ஒரு பகுதியை விதைக்காமலே இழந்துவிடுகின்றான். அவன் பயிர் கதிர் வாங்கும் வேளையில் மண்ணின் ஈரம் தீர்ந்துவிடும். காத்திராமல் முன்னதாகவே புழுதியில் விதைத்தாலோ, இடையில் ஒரு சிறு தூறல் விழுந்து விதையை எழுப்பிவிட்டு, அடுத்த மழை இருபது நாள் வாராதிருந்தால், முளைத்தது கருகும். முளையாததை எறும்பும் பறவையும் கொண்டு செல்லும். முன் விதைத்தால் விதைக்குக் கேடு. பின் விதைத்தால் விளைச்சலுக்குக் கேடு. இதுவே கரிசல் உழவனின் நெஞ்சை ஆண்டுதோறும் அறுக்கும் வாள்.

இவ்விடரை நம் முன்னோர் கைகட்டிக்கொண்டு ஏற்றாரல்லர். கோடை மழையில் உழுது போட்டு மண்ணைக் காயவிடுதலைப் பெரிதும் போற்றினர். நன்கு உழுது உலர்த்திய புழுதி எருவும் வேண்டாது விளையும் என்று வள்ளுவர் 'உழவு' அதிகாரத்தில் கூறியதை நீங்கள் கற்றிருப்பீர்கள். ஆட்டுக்கிடை அமர்த்தி நிலத்திற்கு உரமேற்றினர். கண்மாய்களில் படிந்த வண்டலைக் கோடையில் வண்டி கட்டிக் கொணர்ந்து காட்டில் இறைத்தனர். ஒரே பயிரை நம்பாமல், பருத்தியோடு உளுந்தும் பாசியும், சோளத்தோடு துவரையும் என்று கலந்து விதைத்தனர். ஒன்று போனால் ஒன்று நிற்கும் அன்றோ? சோளத்தட்டை மாட்டுக்கு, பருத்திமார் அடுப்புக்கு, குதிரைவாலியும் கம்பும் மக்களின் வயிற்றுக்கு. ஒன்றும் வீணாகாத ஒழுங்கு அது. 'நிலைத்த வேளாண்மை' என்று இக்காலத்தார் பெரிதாகப் பேசுவதன் பெரும்பகுதி இவ்வொழுங்கினுள் அடங்கியிருந்தது. அதற்காக அக்காலத்தில் பசியே இல்லை என்று கூறிவிடுதல் உண்மையாகாது. மழை பொய்த்த ஆண்டுகளில் கரிசல் மக்கள் தாது வருடப் பஞ்சம் முதலிய கொடிய துயரங்களை அனுபவித்தனர். பழமை அனைத்தும் பொன் என்று கொள்வது என் கருத்தன்று.

பிறநாட்டு வேளாண் முறையை நம் மண்ணில் நாட்டும் முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் அமெரிக்கப் பருத்தியை இந்தியாவில் விளைவிக்க விரும்பி, 1840 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிலிருந்து பருத்திப் பண்ணையாளர் சிலரை வரவழைத்தனர். சென்னை மாகாணத்தில் அம்முயற்சியின் பொறுப்பு, ராபர்ட் வைட் என்னும் மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மருத்துவரேயாயினும் தாவரநூலில் பெரும்புலமை உடையவர். தென்னாட்டுச் செடிகொடிகளை ஆராய்ந்து படங்களோடு நூல்கள் வெளியிட்டவர். அவர் 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் பாடுபட்டார். ஆயினும், எண்ணிய பயன் கைகூடவில்லை. கம்பெனியார் அப்பண்ணைகளைக் கைவிட்டனர். அமெரிக்கச் செடிக்கு வேண்டிய மழை வேறு. அது வேண்டும் பருவம் வேறு. அறிவாளியும் உழைப்பாளியுமான ஒருவர் பதினோராண்டு முயன்றும் மண்ணும் வானும் இசையாவிடின் நடவாது என்பதை இது காட்டுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலோ, கம்போடியா நாட்டுப் பருத்தி தென்மாவட்டங்களில் புகுந்து, கிணற்றுப் பாசனமுள்ள செம்மண்ணில் செழித்தது. கரிசற்காட்டு மானாவாரியில் உழவர்கள் தம் பழைய கருங்கண்ணியையும் உப்பத்தையுமே நம்பினர். செம்மண்ணுக்கு இசைந்தது கரிசலுக்கு இசையவில்லை. இரண்டும் ஒரே மாவட்டத்து மண்ணே.

இங்கே என் இல்லத்துச் செய்தி ஒன்றைக் கூறுகின்றேன். யான் சிறுவனாய் இருந்தபோது என் தந்தையார் இக்கரிசலில் எட்டு ஏக்கர் உழுதுவந்தார். ஓராண்டு ஒருவர் வந்து, புதிய பருத்தி விதை ஒன்றைப் புகழ்ந்து, "கருங்கண்ணியைப் போல் இருமடங்கு விலை போகும்" என்றார். தந்தையார் நம்பினார். ஒரு மூலையில் இட்டுப் பாராமல் எட்டு ஏக்கரிலும் அதனையே விதைத்தார். கார்த்திகையில் மழை நின்றுபோயிற்று. அண்டைக் காட்டில் கருங்கண்ணி வாடி வாடிப் பிழைத்துச் சிறிதேனும் வெடித்தது. எங்கள் காட்டுச் செடிகளோ பூவோடு நின்றுவிட்டன. பட்ட கடனுக்காக உழவு காளை இரண்டும் விலையாயின. சந்தைக்கு அவற்றை ஓட்டிச் சென்ற காலையில் என் அன்னையார் அவற்றின் நெற்றியைத் தடவி அழுததை யான் இன்றும் மறக்கவில்லை. புதிய விதையைப் புகழ்ந்தவர் மறுமுறை எங்கள் ஊர்ப்பக்கம் வரவில்லை. தந்தையார் அவரை ஏசவும் இல்லை. "அவர் நல்லது நினைத்துத்தான் சொன்னார், தப்பு அவருடையது, காளை நம்முடையது" என்று ஒருமுறை கூறினார், அவ்வளவே.

உழவர்க்கு உதவப் புகுவோர் எவராயினும், அவர் அயல்நாட்டாராயினும் நம்மவராயினும், அவரை நோக்கி யான் கேட்க விரும்பும் வினா இதிலிருந்தே பிறந்தது. நீவிர் கூறும் புதுமை தவறிப்போனால் அத்தவற்றின் விலையை யார் கொடுப்பார்?

இவ்வினாவிற்குக் கோவில்பட்டியில் ஒரு விடை கிடைக்கின்றது. இங்கே 1901 ஆம் ஆண்டில் வேளாண்மை ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று நிறுவப்பட்டது. தென்னிந்தியாவின் மிகப் பழைய பண்ணைகளுள் ஒன்று அது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமாக இன்றும் நடைபெறுகின்றது. கருங்கண்ணிப் பருத்தியில் தேர்ந்தெடுத்த இனங்களும், சோளம் முதலிய மானாவாரிப் பயிர்களின் இனங்களும் இங்கிருந்து வெளிவந்தன. அவற்றின் பெயர் முன்னே நிற்கும் 'கே' என்னும் ஆங்கில எழுத்துக் கோவில்பட்டியைக் குறிப்பது. இப்பண்ணையில் ஒரு விதை பட்டுப்போனால் பண்ணையின் கணக்கில் எழுதப்படும். எந்த உழவனின் காளையும் சந்தைக்குப் போகாது. ஆராய்ச்சிப் பண்ணையின் பெருமை அது பெற்ற வெற்றிகளில் மட்டும் இல்லை. உழவனுக்கு மாறாகத் தானே தோற்று வைப்பதும் அதன் பணியே.

இந்திய நாடு விடுதலை பெற்றபின், பாசன நிலங்களுக்கு அணைகளும் வாய்க்கால்களும் எழுந்தன. உயர்விளைச்சல் தரும் நெல்லும் கோதுமையும் வந்தன. மானாவாரி நிலங்கள் பின்தங்கி நின்றன. இக்குறையை உணர்ந்த இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம், 1970 ஆம் ஆண்டில், கனடா நாட்டு அரசின் துணையோடு, அனைத்திந்திய ஒருங்கிணைந்த மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. நாட்டின் பல்வேறு மண்ணும் மழையும் உடைய 23 இடங்களில் அதற்கு மையங்கள் அமைந்தன. கரிசலின் சார்பில் அவற்றுள் ஒன்றாய் இடம்பெற்றது கோவில்பட்டி.

கனடா குளிர்நாடாயிற்றே, பனி பெய்யும் நாட்டார்க்கு நம் வறண்ட காட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் வினவலாம். வினா நியாயமானதே. ஆயின், கனடாவின் நடுப்பகுதியில் மானிட்டோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா என்னும் மாநிலங்களில் எல்லையற்ற புல்வெளிகள் உள. அங்கே கோதுமை விளைவிப்போரும் வானத்தையே நம்பியவர். புல்லை அகற்றி மண்ணை மிகுதியாக உழுததன் பயனாக, 1930 ஆம் ஆண்டை அடுத்து வந்த நெடிய வறட்சியில், மேன்மண் தூளாகிக் காற்றில் பறந்தது. பகலிலே இருள் சூழ்ந்தது. பல்லாயிரவர் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். 1935 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு புல்வெளி நிலங்களை மீட்பதற்கெனத் தனித் துறையொன்று அமைத்தது. அறுத்த தாளை நிலத்திலேயே விட்டு மண்ணை மூடிவைத்தல், நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பயிரிடுதல், ஓடும் நீரைத் தேக்கப் பண்ணைக் குட்டைகள் வெட்டுதல் முதலியவற்றை அங்கே கற்பித்தனர். ஆகவே, கனடா நாட்டார் நமக்கு உதவ வந்தபோது செல்வர் என்ற முறையில் மட்டும் வந்தாரல்லர். தம் மண்ணைத் தாமே கெடுத்துப் பின் கற்றுக்கொண்டவர் என்ற முறையிலும் வந்தனர்.

அவர்தம் வயல் முறைகளை அப்படியே பெயர்த்து இங்கு நடுதல் இயலாது. அங்கே ஒருவர்க்கு நூற்றுக்கணக்கான ஏக்கர். இங்கே மூன்றோ நான்கோ. அங்கே உருகும் பனி மண்ணை நனைக்கும். இங்கே இரண்டு மாதத்து அடைமழை. எனவே, பொருளும் கருவியும் பயிற்சியும் ஆலோசனையும் வெளியிலிருந்து வந்தன. பரிகாரம் அந்தந்த மண்ணிலே தேடப்பட்டது. யான் இத்திட்டத்தில் பாராட்டுவது இதனையே.

கோவில்பட்டி அறிஞர்கள், முன்னே கூறிய இருதலைக் கொள்ளியை ஆராயப் புகுந்தனர். முதலில் மழைக் கணக்கைப் புரட்டினர். பல்லாண்டுகளாகப் பண்ணையில் நாள்தோறும் அளந்து எழுதிவைத்த ஏடுகள் இருந்தன. எந்தக் கிழமையில் மழை தொடங்கும் வாய்ப்பு எவ்வளவு, தொடங்கியது தொடரும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்தனர். அதன்வழி, புரட்டாசி மாதம் பிறக்கும் தறுவாயில், அதாவது செப்டம்பர் மாதத்தின் பிற்பாதியில், மழைக்கு முன்னதாகவே புழுதியில் விதைத்துவிடுதல் தக்கது என்று தெளிந்தனர். பயிருக்கேற்ப ஒரு கிழமை முன்பின் ஆகும்.

புழுதி விதைப்புத் தமிழுழவர்க்குப் புதிதன்று. இராமநாதபுரத்துச் சீமையில் நெல்லையே அவ்வாறு விதைப்பர். பழைய முறையில் இருந்த கேட்டை நீக்குதலே புதுமை. அதனை இரண்டு எளிய வழிகளால் செய்தனர். ஒன்று, விதையை ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இடுதல். மேலே தெளிக்கும் சிறு தூறல் அவ்வாழத்தை எட்டாது. விதை ஏமாந்து எழாது. இருபது மில்லிமீட்டருக்குமேல் பெய்யும் உண்மையான மழையே அதனை எட்டி எழுப்பும். எறும்பிற்கும் பறவைக்கும் அது எளிதில் அகப்படுவதும் இல்லை. மற்றொன்று, விதையைக் கடினப்படுத்துதல். சோள விதையைப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்னும் உப்பு நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்த நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, மீண்டும் நிழலில் பழைய நிலைக்கு உலர்த்தி விதைப்பர். ஒருமுறை நனைந்து உலர்ந்த அவ்விதை, முளைத்தபின் வரும் வறட்சியைத் தாங்கும் ஆற்றல் மிகுகின்றது. அயலூர் எந்திரம் எதுவும் இதற்கு வேண்டியதில்லை. ஒரு வாளியும் ஒரு சாக்குமே போதும்.

இவற்றோடு, காட்டைச் சிறு சிறு கட்டங்களாக வகுத்து வரப்பிட்டு, விழுந்த நீரை விழுந்த இடத்திலேயே நிறுத்தும் முறையும், அகன்ற பாத்தியும் சாலும் அமைத்து மிகைநீரைக் குட்டைக்கு வடிக்கும் முறையும் ஆராயப்பட்டன. அகன்ற பாத்தி முறை, ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பன்னாட்டு வெப்பமண்டலப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தாரால் பெரிதும் பரப்பப்பட்டது. அந்நிறுவனத்தை ஒட்டிய கதை ஒன்று அறியத் தக்கது.

அங்கே, பிரெஞ்சு நாட்டுப் பொறிஞர் ஜீன் நோல் என்பார் வகுத்த இருசக்கரக் கருவி ஒன்றைக் கொண்டு பாத்திகளை அமைத்தனர். 'ட்ராபிகல்ட்டர்' என்பது அதன் பெயர். ஒரு சோடிக் காளை இழுக்கும் அச்சட்டத்தில் கலப்பையைப் பூட்டலாம். விதைக்கும் கருவியைப் பூட்டலாம். களையெடுக்கும் கருவியைப் பூட்டலாம். பலகை இட்டால் வண்டியும் ஆகும். ஆராய்ச்சி வயலில் அது வியக்கத்தக்க வகையில் வேலை செய்தது. இந்தியாவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் பல உதவித் திட்டங்கள் அதனையும் அதன் இனத்துக் கருவிகளையும் உழவர்க்கு மானிய விலையில் அளித்தன. மானியம் நின்றதும் வாங்குவார் இல்லை. அதன் விலை நாட்டுக் கருவிகள் அனைத்தின் விலையைக் காட்டிலும் பன்மடங்கு; எடையும் மிகுதி; ஒரு கருவியைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டுவதற்கே பொழுது கழிந்தது. தனித்தனிக் கருவிகளாயின் ஒன்று பழுதானாலும் மற்றவை ஓடும். இதிலோ ஒன்று பழுதாயின் அனைத்தும் நின்றன. பல ஊர்களில் அவை வெறும் வண்டிகளாகவே இறுதிக் காலத்தைக் கழித்தன. கருவி நன்றே. ஆனால், அது தேவையா என்று வயலுக்கு உரியவனைக் கேட்டிருக்க வேண்டிய வேளையில் எவரும் கேட்கவில்லை.

கேளாமல் வந்த மற்றொரு விருந்தாளி சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திற்குரிய இம்மரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் வறண்ட மாவட்டங்களில் விறகுக்காகவும் வேலிக்காகவும் பரப்பப்பட்டது. இன்று கண்மாயின் உட்பரப்பையும் ஓடைகளையும் உழாது விட்ட புன்செய்களையும் அதுவே பிடித்துக்கொண்டுள்ளது. அதனை அகற்றுமாறு உயர் நீதிமன்றமே ஆணையிடும் நிலை 2017 ஆம் ஆண்டில் உண்டாயிற்று. ஆயினும், மழை பொய்த்த ஆண்டுகளில் அதனை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றே விளாத்திகுளம் பக்கத்து ஏழை மக்கள் பலர் உலை வைத்தனர். ஆதலின் அதனை முற்றும் பழிக்கவும் என் நா எழவில்லை.

மண்ணும் மழையும் மட்டுமே உழவனின் நிலையை அறுதியிடுவதில்லை; அங்காடியும் உண்டு. கருங்கண்ணி வறட்சியைத் தாங்கும், ஆழ வேரூன்றும், பூச்சிக்கும் எளிதில் இடங்கொடாது. ஆயின், அதன் இழை குட்டையானது. ஆலைகள் நீண்ட இழையை விரும்பின. விலை சரிந்தது, விதைப்பார் குறைந்தனர். கரிசலின் பழைய அடையாளமாகிய அப்பருத்தி இன்று மிகச் சிறிய பரப்பில், அதனைக் காக்க முயல்வார் சிலரின் ஆர்வத்தினாலேயே உயிர் வைத்துக்கொண்டிருக்கின்றது. அதன் இடத்தில் மக்காச்சோளம் பரவியது. கோழிப்பண்ணைகளின் தேவையால் அதற்கு விற்பனை உறுதியாயிற்று. 2018 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கண்டத்தின் படைப்புழு, ஆப்பிரிக்கா வழியாக இந்தியாவை அடைந்து, அவ்வாண்டே கரிசலின் மக்காச்சோளக் குருத்தையும் தின்றது. காடு முழுவதும் ஒரே பயிர். ஆதலின் புழுவிற்கும் காடு முழுவதும் விருந்து. உளுந்தும் பாசியும் இடையிடையே விதைத்த நம் பாட்டனார்கள் இதனைப் பார்த்திருந்தால் என்ன கூறியிருப்பரோ!

பெருமழை பெய்த ஆண்டிலும் வரவு சிறுத்தமையால் கரிசல் மக்களுள் பலர் தீப்பெட்டித் தொழிலுக்கும், கடலை மிட்டாய்த் தொழிலுக்கும், அயலூர்களுக்கும் சென்றனர். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தமை மகிழ்ச்சிக்குரியது. குதிரைவாலிக்கும் அத்தகைய மதிப்பு வாராதா என்று உழவர் ஏங்கினர். இந்திய அரசின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் அவை 2023 ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் குதிரைவாலி அழகிய உறைகளில் ஏறியது. உறையில் அச்சிட்ட விலைக்கும் இடைசெவற் களத்தில் கிடைத்த விலைக்கும் இடையே இருந்த தொலைவு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. உமி நீக்கும் பொறி ஊரிலேயே இருந்தால் உழவர் அரிசியாக்கி விற்கலாம்; இல்லையேல் உமியோடு வணிகர்க்கு விற்று, அதனையே அரிசியாக விலை கொடுத்து வாங்கலாம். உதவ விரும்பும் நாடுகளும் நிறுவனங்களும் உழவரைக் கூட்டி, "உமக்கு வேண்டுவது யாது?" என்று வினவினால், இப்பொறியைக் கூறுவோர் பலர் இருப்பர்.

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத் தொடக்கத்தில் யான் இடைசெவலுக்குச் சென்றிருந்தேன். முன்னர் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் அங்கே உழவு செய்கின்றார். அவருடைய காட்டில் விதைப்பு நடந்துகொண்டிருந்தது. வானத்தில் மேகம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. "இவ்வெயிலிலா விதைக்கின்றீர்?" என்றேன்.

"ஆமாம், ஐயா. மூன்று ஏக்கரில் இப்போது விதைக்கிறேன், மீதி இரண்டு ஏக்கரை மழை விழுந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருக்கிறேன்" என்றார் அவர்.

"பண்ணையார் கூறியபடி ஐந்தையும் இப்போதே விதைத்தால் என்ன?"

அவர் நகைத்தார். "அவர்கள் சொன்னது பத்து ஆண்டில் ஏழெட்டு ஆண்டு சரியாக வரும், ஐயா. தவறுகிற ஆண்டு இந்த ஆண்டாக இருந்துவிட்டால், என் பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்ட அந்த இரண்டு ஏக்கர் வேண்டும்."

கயிற்றுக்கட்டிலில் அமர்ந்திருந்த அவருடைய தந்தையார், எண்பது கடந்த முதியவர், இச்சொல்லாடலில் கலந்துகொள்ளவில்லை. சற்று நேரத்தில் எழுந்து, கோலை ஊன்றிக் காட்டினுள் நடந்தார். விதைத்துச் சென்ற சாலின் அருகே குனிந்து, தம் சுட்டுவிரலைப் புழுதியினுள் செலுத்தினார். இரண்டு கணு ஆழத்தில் விதை தட்டுப்பட்டது போலும்; தலையை அசைத்துக்கொண்டார். பின் அவ்விடத்தைக் காலால் மெல்ல மூடிவிட்டு, கிழக்கே நோக்கிச் சிறிது நேரம் நின்றார்.